அவன் பங்கு நெல் எங்கே போகிறது?

கேள்வி: என் தம்பி திருச்சி மத்திய சிறையில் ஆயுள் கைதி. மடைத் தண்ணீர் தகராறில் ஆத்திரப்பட்டு மண்வெட்டியால் அடித்துவிட்டான், பக்கத்து வயல்காரர் இறந்துபோனார். எங்கள் கெட்ட நேரம். தண்டனை கிடைத்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் மனைவி மகளை அழைத்துக்கொண்டு வலங்கைமானில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், பேச்சுவார்த்தை இல்லை. அப்பா முன்பே இல்லை, அம்மா போன வருஷம் தவறிவிட்டார்கள். நான் உள்ளூரிலேயே அத்தை மகனைக் கட்டியவள். தம்பி பங்கு நாலு மா நிலத்தையும் சேர்த்து என் கணவர்தான் பார்த்துக்கொள்கிறார். தம்பி மாதம் தவறாமல் கடிதம் போடுகிறான். முதலில் நானும் பதில் போட்டேன். இப்போது பேனாவை எடுத்தால் ஒன்றும் வரவில்லை. அவனோ ஒவ்வொரு கடிதத்திலும் வயலைப் பற்றியே கேட்கிறான். இன்னும் எட்டு வருஷத்தில் வந்துவிடுவான். அதுவரை அவன் மனம் உடையாமல் இருக்க என்ன எழுதலாம்? ஆறுதலாக நாலு வரி சொல்லிக்கொடுங்கள்.
பெயர் வேண்டாம், பாபநாசம் வட்டம்.

பதில்: நாலு வரி சொல்லித்தர மாட்டேன். உள்ளே இருப்பவர்களின் அக்கா, தங்கை, மனைவி என்று பலரும் எனக்கு இதே கேள்வியை எழுதியிருக்கிறார்கள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். கடிதத்தை முழுக்கப் படித்தால், எழுத முடியாத ஏதோ ஒன்று குறுக்கே கிடப்பது தெரியும். உங்களுக்கு அது "தம்பி பங்கு நாலு மா நிலத்தையும் சேர்த்து" என்ற இடத்தில் கிடக்கிறது. போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் போக மாட்டேன்.

ஆறு வருஷமாக அந்த நாலு மாவில் விளைந்தது எங்கே? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் யார் பெயரில் போடுகிறீர்கள்? சிட்டா, யார் என்ன பயிர் வைத்தார் என்று காட்டும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கொடுத்துப் பதிந்தால்தான் அங்கே மூட்டை இறங்கும். பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும். யார் கணக்கில்? உங்கள் தம்பி கேட்பது இதைத்தான். மரியாதைக்காக வயல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். அத்தானிடம் கணக்குக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பதில் சொல்ல உங்களுக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் பேனா ஓடவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மாவுக்குப் பத்து மூட்டை என்று வைத்தால் நாலு மாவுக்கு நாற்பது மூட்டை. உழவு, நடவு, உரம், அறுப்புக்கூலி எல்லாம் உங்கள் கணவர் போட்டது, சரி. நான் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. நிலத்தைத் தரிசு போடாமல் காப்பாற்றியிருக்கிறார், அதற்கு நன்றி சொல்ல வேண்டியவன் உங்கள் தம்பி. ஆனால் வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? 1956-ஆம் வருஷத்து நியாய குத்தகைச் சட்டத்தின்படி பார்த்தால் இன்றைக்கு நிலத்துக்காரனுக்கு விளைச்சலில் நாலில் ஒரு பங்கு. பத்து மூட்டை. 60 கிலோ மூட்டையாக வைத்தால் ஆறு குவிண்டால், 2025-26 கொள்முதல் விலைக்கு ஏறக்குறைய 15,000 ரூபாய். சம்பா ஒரு போகத்துக்கு இது. குறுவையும் எடுத்திருந்தால் அதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆயுள் தண்டனை வாங்கியவனுக்குச் சொத்து போய்விடாது. இது பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் தெரியாததுபோல இருந்துவிடுகிறார்கள். அவன் பங்கு நிலம் இன்னும் அவனுடையதுதான். அப்பா சொத்தில் உங்களுக்கும் உரிமை இருந்து அது வராமல் போயிருந்தால் நேராகக் கேளுங்கள். பெண்களுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. உங்கள் பங்கைக் கேட்டு வாங்கினால் நான் உங்கள் பக்கம். அவன் பங்கைச் சத்தமில்லாமல் சாப்பிட்டால் இல்லை.

அவன் கொலை செய்தவன். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஆத்திரப்பட்டு", "கெட்ட நேரம்" என்று நீங்கள் பூசி மெழுகியிருக்கிறீர்கள். நேரத்தின் மேல் பழி போடாதீர்கள். மண்வெட்டியை எடுத்தது உங்கள் தம்பி, செத்தது ஒரு வீட்டின் ஆண்பிள்ளை. அதற்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனையை அவன் அனுபவிக்கிறான், அனுபவிக்கத்தான் வேண்டும். அதற்கு மேல் ஒரு தண்டனையைச் சேர்க்க கூடப்பிறந்தவளுக்கு அதிகாரம் இல்லை என்பது என் கட்சி. மடைத் தண்ணீருக்காக ஓர் உயிர் போன நிலம் அது. அதில் விளைவதற்குக் கணக்கில்லாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா தவறியபோது அவன் வந்தானா? நீங்கள் எழுதவில்லை. தாய் தகப்பன் சாவுக்கு அவசர விடுப்புக் கேட்க தமிழ்நாட்டில் 1982-ஆம் வருஷத்து விதிகளிலேயே இடம் இருக்கிறது. கேட்டார்களா, யார் கேட்டார்கள், கொள்ளி வைத்தது யார்? அவசர விடுப்பு தவிர சாதாரண விடுப்பும் உண்டு, ஊரில் பரோல் என்போமே, அது. விடுப்புக் கேட்டால் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், போலீஸும் விசாரிக்கும். அவனை ஏற்றுக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்? செத்தவர் குடும்பமும் அதே ஊரில் இருப்பதால் இங்கே வரவிடுவது சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் நியாயம்தான். வேறு ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டைச் சொல்லலாம். எதையும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதுதான் கூடாது.

எட்டு வருஷத்தில் வந்துவிடுவான் என்பதையும் விட்டுவிடுங்கள். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரை 14 வருஷம் முடியும்முன் அரசு முன்விடுதலை செய்யக்கூடாது என்று 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தார்கள், இப்போதுள்ள புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. 14 முடிந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று அதில் எங்கும் இல்லை. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான் என்று காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் மனுவில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. முன்விடுதலையைப் பரிசீலிக்கும்போதும் வெளியே வந்தால் இவனுக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி வரும். மேல்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது என்றாவது தெரியுமா? தஞ்சாவூர் மாவட்ட வழக்கு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போயிருக்கும். வக்கீலுக்குப் பணமில்லை என்ற பேச்சே வேண்டாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம்.

இனி கடிதம். ஒரு இன்லேண்டு வாங்குங்கள். அவன் பெயர், கைதி எண், திருச்சி மத்திய சிறை என்று எழுதுங்கள். அதிகாரிகள் பிரித்துப் படித்துத்தான் கொடுப்பார்கள், ஆகவே வழக்கைப் பற்றியோ எதிராளி வீட்டைப் பற்றியோ வேண்டாம். வயலைப் பற்றி எழுதுங்கள். மேட்டூர் எப்போது திறந்தார்கள், உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது, தூர் வாரினார்களா இல்லை வாரியதாகக் கணக்கு மட்டும் எழுதினார்களா, சி.ஆர். 1009 போட்டீர்களா ஆடுதுறை ரகமா, புகையான் விழுந்ததா, மழையில் எத்தனை நாள் பயிர் மூழ்கிக் கிடந்தது, ஈரப்பதம் அதிகம் என்று மூட்டையை எத்தனை நாள் களத்திலேயே காக்க வைத்தார்கள். அவன் விவசாயி. மனம் தளராதே, கடவுள் இருக்கிறார் என்று நீங்கள் எழுதுவதை அவன் ஒருமுறை படிப்பான். இதைப் பத்துமுறை படிப்பான்.

அதே கடிதத்தில் மூட்டைக் கணக்கையும் எழுதுங்கள். வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, உன் பங்கு இவ்வளவு, என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். எழுவதும் சாப்பிடுவதும் படுப்பதும் மணியடித்து நடக்கிற இடத்தில் ஆறு வருஷமாக இருக்கிறான். எதையும் முடிவு செய்ய அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதை அவன் முடிவு செய்யட்டும். பழைய ஐந்து வருஷத்துக் கணக்கை ஒரேயடியாகத் தீர்க்க முடியாவிட்டால், முடியவில்லை என்றே எழுதுங்கள், போகத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள்.

மகள் பேருக்குப் போடு என்றுதான் அவன் சொல்வான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னால் நீங்களே வலங்கைமானுக்குப் போய்க் கொடுக்க வேண்டும், ஆள் மூலம் கொடுத்தனுப்பக் கூடாது. பாபநாசத்திலிருந்து அது என்ன காசியா, ராமேஸ்வரமா? பேச்சுவார்த்தை இல்லை என்கிறீர்களே, அந்தப் பெண் எதைச் சாப்பிட்டு வளர்கிறாள் என்று எப்போதாவது விசாரித்தீர்களா? அப்பன் நிலத்து நெல் உங்கள் வீட்டுக் குதிரில் இருக்கும்போது அவள் தாத்தா வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். புருஷனிடம் மனம் கசந்து போனவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அந்தக் குழந்தைக்கு அத்தை. அவள் சடங்குக்கு யார் வந்து நிற்பார்கள் என்று நினைத்தீர்கள்?

கடிதம் போட்டுவிட்டு, பதில் வந்தபின் ஒருநாள் திருச்சிக்குப் போய் மனு போட்டு அவனை நேரில் பாருங்கள். உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தாலோ, இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்பட்டாலோ அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்த நாலு மாவுக்கு அடங்கலில் சாகுபடிதாரர் என்று இப்போது யார் பெயர் இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.