மாலை வகுப்பு மட்டும் போதுமா? பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்கும் முன் நான் பார்ப்பது

"ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க நினைக்கிறேன். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? இவர்களால் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறுகிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா நிறுவனத்தாலும் மாறுவதில்லை. எங்கே வித்தியாசம் என்று சொல்ல வேண்டுமானால் என் அக்காவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாத்தூர் பக்கம் கரிசல் காட்டுக் கிராமம் எங்களுடையது. 1984-ல் அக்கா ஐந்தாம் வகுப்பு முடித்தாள். படிப்பில் என்னைவிடக் கெட்டி. பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே சொல்லுவாள். அந்த வருஷம் காடு விளையவில்லை. அய்யா தீப்பெட்டி ஆபீஸ் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கினார். அதோடு அக்காவின் பள்ளிக்கூடம் முடிந்தது. விடியற்காலை நாலரைக்கு மந்தைக்கு பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியோடு போய் ஏறுவாள். அங்கே கட்டை அடுக்கும் வேலை. குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் வரிசையாகப் பதிக்க வேண்டும். இருட்டிய பிறகுதான் திரும்ப வருவாள். நாளைக்கு மூன்று நான்கு ரூபாய் கிடைக்கும், அதில் பாதி முன்பணத்துக்குக் கழியும்.

அப்போது எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் இரவுப் பள்ளி நடத்தியது. பெட்ரோமாக்ஸ் விளக்கு, புதுச் சிலேட்டு, நோட்டு எல்லாம் கொடுத்தார்கள். பாடம் சொல்லித்தந்த அண்ணன் நல்லவர், அடித்ததே இல்லை. அக்கா ஆசையாகத்தான் போனாள். போய் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். ஒன்பது மணிக்கு அம்மா போய் எழுப்பிக் கூட்டிவருவாள். வருகைப் பதிவேட்டில் தினமும் அவள் பெயருக்கு நேரே டிக் இருந்தது. ஒரு வருஷம் அப்படியே போனது. அப்புறம் அவளே நின்றுவிட்டாள். நான் சத்துணவு சாப்பிட்டுக்கொண்டு பகல் பள்ளிக்கூடத்தில் மேலே மேலே படித்தேன். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஏதாவது ஒரு வேலையை அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அந்தக் குழந்தைக்காக 5,000 ரூபாயை நல நிதியில் போட வேண்டும் என்றது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது அக்காவுக்குக் கல்யாணமாகி இடுப்பில் குழந்தை இருந்தது.

பிறகு வேலைக்காக ஐதராபாத் போனேன். 2001-ல் கூட வேலை பார்த்த நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரங்காரெட்டி மாவட்டத்தில் ஒரு முகாமைப் பார்க்கக் கூட்டிப்போனார். எம்.வி. பவுண்டேஷன் நடத்தியது. முழுப் பெயர் மாமிடிப்பூடி வெங்கடரங்கையா அறக்கட்டளை. 1981-ல் தொடங்கப்பட்டது. அந்தப் பெரியவரின் பேத்தி சாந்தா சின்ஹா, ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். கொத்தடிமைத் தொழிலாளர்களிடையே வேலை செய்யப் போய், அங்கே பிள்ளைகளும் அடிமைப்பட்டுக் கிடப்பதைப் பார்த்து, 1991 வாக்கில் இந்த அறக்கட்டளையை முழுக்கப் பிள்ளைகள் பக்கம் திருப்பியவர்.

முகாமில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் 'ஜீதத்துக்கு' இருந்தவர்கள், அதாவது நம் பக்கம் பண்ணையாள் என்போமே, அது. பெற்றோர் வாங்கிய கடனுக்காக வருஷக் கணக்கில் மாடு மேய்த்தவர்கள். அங்கேயே தங்கி, சாப்பிட்டு, விளையாடி, பாட்டுப் பாடி, எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தெலுங்கில் 'படி' என்று பெயர். நாம் 'பஸ்' என்று தொடங்குகிற அந்தப் 'ப'. தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த முகாம் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாலம் மட்டுமே. பதினோரு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்காரவைத்தால் கூச்சத்திலேயே ஓடிப்போவான். அதனால் முகாமில் வைத்து, விட்ட பாடத்தையெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொடுத்து, வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்க்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகளை அப்போது அங்கிருந்த ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கே தயார் செய்தார்கள். இவர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளி கட்டவில்லை. பிள்ளை கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் பகல் நேர அரசுப் பள்ளி என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள்.

அவர்கள் விட்டுக்கொடுக்காத கொள்கை என்று சில உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கிற எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான் என்பது ஒன்று. கூலி வாங்கவில்லை, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், விறகு பொறுக்குகிறாள் என்றாலும் அவள் தொழிலாளிதான். எல்லாக் குழந்தையும் முழுநேரப் பகல் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது இன்னொன்று. பகலில் வேலை, ராத்திரி படிப்பு என்ற சமரசத்துக்கு அங்கே இடமே இல்லை. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கையே வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முறைசாராக் கல்வி மையங்களைத்தான் வழியாகக் காட்டியது. ஏழைப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம், வசதியுள்ள பிள்ளைக்கு முழு நாள் என்று அரசே ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. அதை இவர்கள் ஏற்கவில்லை. இதைக் கேட்டபோதுதான், பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் தூங்கிய என் அக்காவுக்கு என்ன நடந்தது என்பதே எனக்குப் புரிந்தது. சோம்பலால் அவள் நிற்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்த பத்து வயது உடம்பு, வேறென்ன செய்யும்?

அதன்பின் மூன்று நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். தெலுங்கு பேசக் கற்றதே அந்தப் பிள்ளைகளிடம்தான். ஆனால் அங்கே பெரிய வேலை முகாமில் நடக்கவில்லை, ஊருக்குள் நடந்தது. ஊழியர்கள் பெரும்பாலும் அந்தந்தக் கிராமத்து இளைஞர்கள், தங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்கள். வீடு வீடாகப் போய் ஐந்து முதல் பதினான்கு வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருக்கிறது என்று பெயரோடு எழுதுவார்கள். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் ராத்திரியில் கூட்டம் போடுவார்கள். பெற்றோரிடம் மட்டும் பேசினால் போதாது, பையனை வேலைக்கு வைத்திருக்கும் நிலக்காரரிடமும் போய்ப் பேசுவார்கள். அவரைத் திட்ட மாட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர், வாத்தியார்கள், இளைஞர் சங்கம் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, "நம் ஊரில் ஒரு பிள்ளையும் வேலைக்குப் போகக் கூடாது" என்று ஊரையே சொல்லவைப்பார்கள். நேற்று வரை பையனை மாடு மேய்க்க வைத்திருந்தவரே பள்ளிக் குழுவில் வந்து உட்கார்ந்த கதைகள் அங்கே உண்டு.

பிள்ளை வரச் சம்மதித்தாலும் பள்ளிக்கூடக் கதவு லேசில் திறக்காது. பிறப்புச் சான்று கேட்பார்கள், மாற்றுச் சான்று கேட்பார்கள், ஜூனில்தான் சேர்க்கை என்பார்கள். படிக்காத தகப்பன் இரண்டு தடவை அலைந்துவிட்டு விட்டுவிடுவான். அப்புறம் நாம் "அவனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்போம். இந்த ஊழியர்கள் ஒவ்வொரு தடையையும் அதிகாரிகளிடம் கொண்டுபோய், வருஷத்தில் எந்த நாளும் சேர்க்கலாம் என்கிற அளவுக்கு மாற்றவைத்தார்கள். பிற்பாடு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, பள்ளி செல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. அதைப் படித்தால் அந்த முகாம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவராக இருந்தவர் சாந்தா சின்ஹாதான். 2007-ல் அந்த ஆணையத்துக்கு முதல் தலைவராக வந்தவரும் அவரே. 2003-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கர்னூல், மகபூப்நகர் பக்கம் கலப்பினப் பருத்தி விதை வயல்களில் பெண்பிள்ளைகளை வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஒவ்வொரு மொட்டாகப் பிரித்து மகரந்தப் பையை எடுக்க வேண்டும். மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தை அதில் தடவ வேண்டும். அங்கேயும் முன்பணம். சின்ன விரல்தான் இந்த வேலைக்குச் சரிவரும் என்று அங்கேயும் சொன்னார்கள். தீப்பெட்டி ஆபீஸ் ஏஜெண்ட் எங்கள் அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை. 2016-ல் திருத்திய சட்டம் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்தது, ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தது. அது தப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கட்டை அடுக்கும் சட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாலும் குடும்பத் தொழில்தானே?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நிறுவனத்திடம் நான் முதலில் கேட்பது "எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" என்பதல்ல. "உங்கள் ஊரில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார்?" என்று கேட்பேன். பெயரோடு சொல்லத் தெரிந்தால் அவர்கள் வீடுகளுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, ஒரு பிள்ளை பத்து நாள் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். "போய்ப் பார்ப்போம்" என்று யாரும் சொல்லுவார்கள். போன தடவை யார் போனார், போனபோது என்ன ஆனது என்று கேளுங்கள். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு இவர்களைத் தெரியுமா என்றும் பாருங்கள். தெரியாவிட்டால் எனக்கு யோசனைதான்.

மாலை வகுப்பே கூடாது என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பகலில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மாலையில் ஒரு துணை வேண்டும். 2021-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வி அப்படிப்பட்டதுதான், கொரோனாவில் விட்டுப்போனதை ஈடுகட்டத் தன்னார்வலர்கள் தெருவிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு மாலை வகுப்பை மட்டும் கொடுத்துவிட்டு, அதைக் கல்வி என்று கணக்குக் காட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒன்று. நிறையப் பேர் "நான் கொடுக்கும் காசு நோட்டுக்கும் பைக்கும் போக வேண்டும், சம்பளத்துக்குப் போகக் கூடாது" என்பார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் அக்காவுக்கு நோட்டும் சிலேட்டும் இருந்தன. வீட்டுக்கு வந்து அய்யாவிடம் பேச ஒரு ஆள் இல்லை. ராத்திரி பத்து மணி வரை ஊர் ஊராகப் போகும் அந்த இளைஞனின் சம்பளம்தான் அங்கே நடக்கும் வேலையே. அவனுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் நிறுவனமா என்று பாருங்கள். ஒரு வருஷத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். 80ஜி சான்று (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தருவது), தணிக்கை அறிக்கை எல்லாம் கட்டாயம் பாருங்கள், அது எளிது. அழுகிற பிள்ளையின் முகத்தைப் பெரிதாகப் போட்டுப் பணம் கேட்கும் இடத்துக்கு நான் கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு யாராவது வீட்டுக்கு வந்து பேசியிருந்தால் அக்காவை அனுப்பியிருப்பாயா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அந்த முன்பணத்துக்கு ஒரு வழி சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன்யா. அவ படிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றாள். ரங்காரெட்டியில் அந்த ஊழியர்கள் நிலக்காரர்களிடம் போய் உட்கார்ந்து பேசியது இந்த முன்பணத்தைப் பற்றித்தான்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். ஜூனில் போகாதீர்கள், அப்போது எல்லா வகுப்பும் நிறைந்திருக்கும். அந்த ஊரில் எந்த மாதம் அறுவடையோ, எந்த மாதம் வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைவார்களோ, அந்த மாதத்தில் போய் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். டிக்கை மட்டும் பார்க்காமல், வகுப்பில் யார் தூங்குகிறார்கள் என்றும் பாருங்கள்.