கானாவில் குழாய் இருந்தும் மக்கள் பாக்கெட் தண்ணீரைக் குடிப்பது ஏன்?

தலைநகர் அக்ராவில் குழாய்கள் இருக்கின்றன. தண்ணீர்தான் தொடர்ந்து வருவதில்லை. பல பகுதிகளுக்கு முறைவைத்தே நீர் விடப்படுவதால், வசதியுள்ளவர்கள் 'பாலிடேங்க்' எனப்படும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் சேமித்துக்கொள்ள, மற்றவர்கள் வாளிக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இப்படித் தேக்கிவைத்த நீரைக் குடிக்கத் தயங்குவோருக்குக் கைகொடுப்பதுதான் அங்கே 'பியூர் வாட்டர்' என்று அழைக்கப்படும் 500 மில்லி பாக்கெட். போக்குவரத்து நெரிசலில் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்க, 'ட்ரோட்ரோ' எனப்படும் பயணிகள் வேனில் இருப்பவர் ஜன்னல் வழியே வாங்கி, மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சிக் குடிப்பார். வீட்டுக்கென்றால் 30 பாக்கெட் கொண்ட மூட்டை. காலி உறைகள் சாக்கடைகளை அடைத்து, மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம் தேங்கவும் ஒரு காரணமாகின்றன. ஆனால் ஏழைக் குடும்பம் குழாய்நீரைவிடப் பல மடங்கு விலையைக் குடிநீருக்குக் கொடுக்க நேர்வதே எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.