கோதுமை ரகம் தோற்கிறதா, பூஞ்சை மாறுகிறதா?

கேள்வி: துரு நோயைத் தாங்கும் என்று பரிந்துரைக்கப்படும் கோதுமை ரகங்கள் சில ஆண்டுகளிலேயே அதே நோய்க்கு ஆளாகிவிடுவதாகப் படிக்கிறேன். ரகத்தின் வீரியம் குறைந்துவிடுகிறதா, அல்லது பூஞ்சை மாறிவிடுகிறதா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: பூஞ்சைதான் மாறுகிறது. பயிரின் எதிர்ப்பு மரபணு, பூஞ்சை சுரக்கும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, தொற்றிய இடத்துச் செல்களை மடியச் செய்து, நோய் பரவாமல் தடுக்கிறது. அந்தப் புரதம் சற்றே உருமாறிய பூஞ்சை எங்கேனும் தோன்றிவிட்டால், பயிருக்கு அதன் வரவே தெரியாது. பெரும்பரப்பில் ஒரே மரபணுவை நம்பிப் பயிரிட்டிருந்தால் அத்தனை வயல்களும் அதற்குத் திறந்துகிடக்கும். ரை தானியத்திலிருந்து கோதுமைக்குக் கொண்டுவரப்பட்டு உலகெங்கும் பரவியிருந்த எஸ்ஆர் 31 என்ற மரபணுவை, 1998இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யுஜி 99 என்னும் தண்டுத் துருப் பூஞ்சை வென்றது இப்படித்தான்.

இத்தனை வகைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதே சுவையான பகுதி. கோதுமையில் வாழும்போது இப்பூஞ்சையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு உட்கருக்கள் ஒன்றுசேராமல் தனித்தனியே இருக்கும். பாலினக் கலப்பு பார்பெரி என்ற புதர்ச்செடியில்தான் நடக்கிறது. அங்கே மரபணுக்கள் கலைந்து புதுப்புதுச் சேர்க்கைகள் உருவாகின்றன. அமெரிக்கா 1918இல் அப்புதர்களை ஒழிக்கத் தொடங்கிய பிறகு அங்கு பூஞ்சை வகைகளும் குறைந்தன. ஆனால் யுஜி 99 அந்த வழியில் பிறக்கவில்லை. இரண்டு பூஞ்சைகளின் இழைகள் ஒட்டி, ஓர் உட்கரு அப்படியே முழுதாகக் கைமாறியதன் விளைவே அது என்று 2019இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. பாலினக் கலப்பின்றியே ஒரு பூஞ்சை இவ்வளவு பெரிய தாவலை எடுக்க முடியும் என்பது, புதரை வெட்டினால் போதும் என்றிருந்தவர்களுக்கு நல்ல பாடம். அதன் பின்னர் சிறு சிறு திடீர் மாற்றங்களே போதுமாயின: 2006இல் கென்யாவில் எஸ்ஆர் 24 மரபணுவையும், மறு ஆண்டே எஸ்ஆர் 36ஐயும் வெல்லும் வகைகள் வந்துவிட்டன.

உங்கள் ஊருக்கு அருகிலும் இக்கதையின் ஒரு பகுதி உண்டு. வடக்கே கோடை வெயிலில் மடிந்துவிடும் தண்டுத் துரு, நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் கோதுமைச் செடிகளிலேயே ஆண்டு முழுவதும் பிழைத்திருந்து, பின்பு காற்றில் ஏறி மத்திய இந்திய வயல்களை அடைகிறது என்று தாவர நோயியல் அறிஞர் கே. சி. மேத்தா நிறுவினார். நீலகிரியில் பார்பெரிப் புதர்கள் இருந்தபோதிலும், நம் நாட்டில் இந்நோய்க்கு அவற்றின் துணை தேவைப்படவில்லை என்பதும் அவர் கண்டதே.

எனவே இன்றைய பயிர்ப்பெருக்க அறிஞர்கள் ஒரே ரகத்தில் பல எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்க்கிறார்கள்; ஒரே சமயத்தில் அத்தனையையும் வெல்லும் மாற்றம் நேர்வது அரிது. அவற்றுடன் எஸ்ஆர் 2 போன்ற, பூஞ்சையைக் கொல்லாமல் அதன் வளர்ச்சியை மந்தப்படுத்தும் மரபணுவையும் சேர்ப்பதுண்டு. 1920களில் கோதுமைக்குள் கொண்டுவரப்பட்ட அது இன்னமும் பயன்பட்டு வருகிறது.