பாத்ரூம் பூஞ்சைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போடலாமா?

கேள்வி: அப்பார்ட்மென்ட்ல முதல் மாடில வாடகைக்கு இருக்கோம். ஐப்பசி பொறந்தாலே பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு, சீலிங் மூலைன்னு கறுப்பா பூஞ்சை புடிக்குது. ஆசிட் ஊத்தித் தேய்ச்சா நாலு நாள்ல திரும்ப வந்துருது. பிளீச்சிங் பவுடரையும் கலந்து போட்டா அடியோட போயிரும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. பையனுக்கு வேற வீசிங் இருக்கு, என்ன செய்யலாம்?
- வாசகி, வேளச்சேரி

பதில்: அந்த ரெண்டையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீங்கம்மா. பிளீச்சிங் பவுடர்ல ஆசிட் பட்டா குளோரின் வாயு கிளம்பும், அந்தச் சின்ன பாத்ரூம்ல நல்லா இருக்கறவங்களுக்கே மூச்சு அடைச்சிரும், வீசிங் இருக்கற புள்ளைய வச்சுக்கிட்டு இந்த விஷப்பரீட்சை வேணவே வேணாம். டாய்லெட் கழுவுற லிக்விட் பலதுலயும் ஆசிட்தான் இருக்கு, அதுக்கும் இதே கதைதான்.

தனியா ஆசிட் மட்டும் ஊத்துறதையும் நிறுத்திருங்க. போர் தண்ணி உப்புக்கறை போகுதேன்னு எல்லாரும் ஊத்துறோம், ஆனா அது டைல்ஸ் நடுவுல இருக்கற சிமென்ட்டையும் சேர்த்து அரிக்குது, நகத்தால சுரண்டிப் பாருங்க, மண்ணு மாதிரி உதிரும். அந்தப் பள்ளத்துல ஈரமும் சோப்பு அழுக்கும் போய் உக்காந்துக்கும், பூஞ்சைக்கு வேற என்ன வேணும்? உதிர்ற இடத்தைச் சுரண்டி எடுத்துட்டு எபாக்சி கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கற பிசின் கலவை) போடச் சொல்லுங்க, செலவு கொஞ்சம் கூடத்தான், ஆனா அது தண்ணி உறிஞ்சாது.

இப்ப இருக்கற கறுப்புக்கு சோப்புத்தூள் தண்ணியும் பிரஷ்ஷும் போதும். காய்ஞ்சிருக்கறப்ப தேய்க்காதீங்க, தூள் பறந்து மூக்குல ஏறும், நனைச்சுட்டு மாஸ்க் போட்டுக்கிட்டு தேய்ங்க, பையன் அந்த நேரத்துல வீட்ல இல்லாம பாத்துக்கோங்க.

தேய்ச்சா மட்டும் போதாது, காயணும். மழை மாசத்துல சென்னைல வெளிக்காத்தே ஈரமாத்தான் இருக்கும், ஜன்னல் தொறந்து வச்சா மட்டும் சரியாகாது, அதனால கடைசி ஆள் குளிச்சு முடிச்சதும் சுவத்துலயும் தரையிலயும் வைப்பர் இழுத்துட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு அரை மணி நேரம் ஓட விடுங்க. கொசுவுக்கு பயந்து வென்டிலேட்டரை அட்டை வச்சு அடைச்சிருந்தா எடுத்துட்டு வலை அடிங்க. ஊற வச்ச துணி பக்கெட்டும் உள்ளயே கெடக்க வேணாம்.

சீலிங்தான் எனக்கு சந்தேகமா இருக்கு. கறை இருக்கற இடத்தை நல்லா துடைச்சு காய விட்டு, அலுமினியம் ஃபாயில் ஒரு துண்டு வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் கழிச்சுப் பிரிங்க. வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா நம்ம குளிக்கற ஆவிதான். உள்பக்கம் நனைஞ்சிருந்தா மேல் வீட்டு பாத்ரூம்லேர்ந்து கசியுது, நீங்க எவ்வளவு தேய்ச்சாலும் நிக்காது, போட்டோ எடுத்து ஓனருக்கும் அசோசியேஷனுக்கும் அனுப்புங்க. மேலாக்க பெயின்ட் அடிச்சுத் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, ஈரம் உள்ள இருக்கறப்ப அடிச்ச பெயின்ட் கொப்பளிச்சுக்கிட்டு வந்துரும்.

பையனுக்கு இந்த மாசங்கள்ல இழுப்பு அதிகமாகுதுன்னா, வீட்ல பூஞ்சை இருக்கறதையும் டாக்டர்கிட்ட சொல்லிருங்க, கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க.