ஒரே படம் ஏழு ஆல்பமாகப் பிரிவது பற்றி

காட்பாடி நண்பருக்கு வணக்கம். ஒரே ஃபோல்டரில் இருக்கும் படப்பாடல்கள் நெட்வொர்க் பிளேயரில் (வீட்டு நெட்வொர்க் வழியாகப் பாட்டை எடுத்து இசைக்கும் கருவி) பாடகருக்கு ஒன்றாக ஏழு ஆல்பமாகப் பிரிந்து வருவதாகக் கேட்டிருந்தீர்கள். பிளேயரின் லைப்ரரி, அதாவது அது காட்டும் பாட்டுப் பட்டியல், ஃபோல்டரை வைத்து அமைவதில்லை. பாட்டுக் கோப்புக்குள் இருக்கும் டேகை (ஆல்பம், பாடகர் போன்ற விவரக் குறிப்பு) வைத்துத்தான். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ காலியாக இருந்தால் பாடகர் பெயரைப் பார்த்துப் பிரித்துவிடும்.

டேகைத் திருத்த உதவும் எம்பி3டேக் என்ற மென்பொருள் விண்டோஸில் இலவசம். அந்தப் படத்தின் பாடல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டுச் சேமியுங்கள். பாடகர் பெயரில் கை வைக்காதீர்கள். எழுத்து எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் ‘இளையராஜா’, இன்னொன்றில் ‘இசைஞானி இளையராஜா’ என்றால் இரண்டு பேராகக் காட்டும். அப்புறம் பிளேயர் பாடல்களை மறுபடி படிக்கும்படி ரீஸ்கேன் கொடுத்தால் சரி.

நீங்கள் வைத்திருக்கும் தெருக்கூத்துப் பதிவுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வேவ் (WAV) கோப்பில் போடும் டேகைப் பல பிளேயர்கள் படிப்பதில்லை. ஃபிளாக் (FLAC) கோப்பாக மாற்றுங்கள், ஒலி துளியும் குறையாது, இடமும் மிச்சம். கூத்தின் பெயர் ஆல்பம், ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆடிய ஊரும் தேதியும் கமெண்டில். வேறெங்கும் கிடைக்காத பதிவுகள் இவை, இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்த பிறகே தொடங்குங்கள்.