வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வயரிங்

கேள்வி: மாடிப் படுக்கையறையில் 1.5 டன் ஏ.சி.யும், அதை ஒட்டிய குளியலறையில் 2,000 வாட் கீசரும் ஒரே லைனில் இருக்கின்றன. இரண்டும் ஓடும்போது இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் சற்று நேரத்தில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகிவிடுகிறது. சுவருக்குள் இருப்பது பழைய 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர். 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். எம்.சி.பி. முதலில் காப்பது வயரைத்தான். 230 வோல்ட்டில் ஏ.சி. சுமார் 7 முதல் 8 ஆம்பியரும், கீசர் 8.7 ஆம்பியரும், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியரும் இழுப்பதால், மொத்தம் 20 ஆம்பியரைத் தாண்டுகிறது. உங்கள் எம்.சி.பி. டிரிப் ஆவது பழுதல்ல. அது தன் வேலையைச் செய்கிறது.

சுவரில் பதித்த பைப்புக்குள் ஒரே லைனாக ஓடும் 1.5 வயர், சுற்றுவெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போது ஏறத்தாழ 17 ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் நம் ஊர்க் கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தளத்துக்குள் பதிந்திருக்கும் பைப்பின் நிலை வேறு. 40 டிகிரி வெப்பத்தில், அதே பைப்பில் மூன்று லைன்கள் நெருக்கமாகச் சென்றால், அந்த 17 என்பது 11 ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும். சாதாரண பி.வி.சி. உறைக்கு 70 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டி நெடுநாள் சூடேறினால் உறை விறைத்துப்போகும். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்த பிறகு, கீசர் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: திருகுக்கு அருகே உறை பழுப்பேறி, வளைத்தால் விரிசல் விட்டு உதிர்கிறது என்றால், அந்த லைனை உடனே மாற்ற வேண்டும். அத்தகைய வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், வயர் கருகும்போதுகூட அது விழாமல் இருக்கக்கூடும்.

ஏ.சி.க்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். வயரும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும், கீசருக்குத் தனியாக 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடுங்கள், இயன்றால் தனித்தனிப் பைப்பில் கொண்டு செல்லுங்கள். ஏ.சி. 8 ஆம்பியர்தானே இழுக்கிறது, 2.5 போதாதா என்று சிலர் கேட்பார்கள். கணக்குப்படி போதும், ஆனாலும் நெருக்கமான பைப்பையும் கோடைச் சூட்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, 4 போடுவதே என் உறுதியான கருத்து. நியூட்ரலும் அதே தடிமனில், லைனுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை வேறு பவர் பாயின்ட்டுக்கு மாற்றுங்கள். கீசருக்கு முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும், ஏனெனில் மனிதரை மின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் வேலையை எம்.சி.பி. செய்வதில்லை. மீட்டரிலிருந்து வரும் மெயின் வயர் இந்த மொத்தச் சுமையைத் தாங்குமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கொத்தனார் பழக்கத்தில் 3/20 வயர் வாங்கச் சொல்கிறார். கடையில் 2.5 தருகிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். 20 கேஜ் இழைகள் மூன்று சேர்ந்தால் ஏறத்தாழ 2 ஸ்கொயர் எம்.எம். வரும்; 2.5 அதைவிடத் தடிமனானது. சுருளின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.