பலூனில் அனுப்பிய உங்கள் 1.2 கிலோ பெட்டி, பாராசூட்டில் கணக்கை விட வேகமாக இறங்குவது பற்றி

பாராசூட்டின் விட்டத்தை 60 சென்டிமீட்டரிலிருந்து 110 ஆக்குங்கள். தரையைத் தொடும் வேகம் விநாடிக்குச் சுமார் 9.5 மீட்டரிலிருந்து சுமார் 5 மீட்டருக்கு வந்துவிடும்.

வெடித்த பலூனின் கிழிசலில் பாராசூட் கயிறு சிக்கியதோ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிக்கியிருந்தால் இன்னும் வேகமாக விழுந்திருக்கும். அந்த அளவுத் துணி ஒழுங்காக விரிந்தாலே சுமார் 9.5 தான் வரும். இழுவைக் குணகத்தை (துணி காற்றில் எவ்வளவு தடை தரும் என்பதைக் காட்டும் எண்) 1.5 என்று போட்டதால்தான் உங்கள் கணக்கில் 6.7 வந்திருக்கிறது. தட்டைத் துணிக்கு நான் 0.75க்கு மேல் நம்ப மாட்டேன்.

புதியதைத் தைத்ததும், அதே எடைக்கு மணல் பை கட்டி, கீழே ஆள் இல்லாதபோது உயரமான இடத்திலிருந்து போட்டு வீடியோ எடுங்கள். கடைசிச் சில மீட்டரை மட்டும் அளந்தால் போதும்.

அப்புறம், மெதுவாக இறங்கினால் காற்று இன்னும் தூரம் இழுத்துப் போகும். இறங்குமிடக் கணிப்பைப் புது வேகத்தில் மறுபடி போடாமல் பறக்கவிடாதீர்கள்.